வாசலில் நிற்கும் பாட்டு

ஐரோப்பிய சங்கீதத்தில் ‘செரினேட்’ என்று பெயர் பெற்ற ஒரு வகை உண்டு. இரவு நேரத்தில், காதலி உறங்கும் மாளிகையின் சாளரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, கையில் ஒரு நரம்புக் கருவியை மீட்டியவாறு காதலன் பாடுவது என்பதே அதைக் குறித்து நம்மவரிடையே பரவியுள்ள சித்திரம். சங்கீத விஷயங்களில் ருசியுள்ள மயிலாப்பூர்வாசிகள் இருவர் மூவர் கூடியிருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்று வெளிப்படும். அத்தகைய வழக்கம் நம் தேசத்தில் ஒருபோதும் இருந்ததில்லை, நம்முடைய சங்கீதம் பக்தியின் பொருட்டு ஏற்பட்டது என்று ஒரு சாரார் சொல்வர். அவர்களிடம் உள்ளது எதுவும் நம்மிடமும் உண்டு, பதமும் ஜாவளியும் வேறு என்ன என்று மற்றொரு சாரார் கேட்பர். முதற் கூற்றில் சரித்திரம் குறைவு. இரண்டாவதில் பொறுமை குறைவு. பாடுகிறவர் எங்கே நிற்கிறார், யாருக்காகப் பாடுகிறார், உள்ளே இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், கதவு திறக்கிறதா இல்லையா என்னும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே பழைய நூல்களையும் இன்றைய வீதிகளையும் பார்த்துவந்தால், பிறர் வாசலில் நின்று பாடுவது தமிழ்நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பல கோலங்களில் நடந்துவரும் காரியம் என்பதும், ஆயினும் அப்படி நின்று பாடியவர்களின் கூட்டத்தில் காதலனை மட்டும் காணோம் என்பதும் புலப்படும். அவன் ஏன் அங்கே இல்லை என்பதே ஆராயத்தக்க விஷயம்.

முதலில் அந்த ஐரோப்பியச் சித்திரம் எவ்வளவு தூரம் மெய் என்று பார்ப்போம். இத்தாலிய பாஷையில் மேகமற்ற தெளிந்த வானத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மாலைப்பொழுதைக் குறிக்கும் வேறொரு சொல்லின் சாயல் பிற்காலத்தில் அதன்மேல் படிந்து, இரவுச் சங்கீதம் என்ற பொருளை நிலைநாட்டிவிட்டது. பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வழக்கம் இருந்தது. ரோமாபுரி நாடகாசிரியரான ப்ளாட்டஸின் நாடகம் ஒன்றில், மூடிய கதவின் தாழ்ப்பாள்களையே விளித்து ஒரு காதலன் கெஞ்சிப் பாடுகிறான். ப்ரொபெர்ஷியஸ் என்ற கவி ஒரு படி மேலே போய், இரவெல்லாம் வந்து இப்படிப் பாடித் தொல்லை கொடுப்பவனைப் பற்றிக் கதவே வாய் திறந்து முறையிடுவதாகச் செய்துவிட்டார். மத்திய காலத்தில் தெற்குப் பிரான்ஸின் கவிவாணர்கள் பாடிய விடியற்பாட்டு இதற்கு நேர் எதிரானது; இரவைச் சேர்ந்து கழித்த காதலரை நோக்கி, பொழுது புலர்கிறது, பிரிந்துவிடுங்கள் என்று காவற்காரனோ தோழனோ எச்சரிப்பதாக அது அமையும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் நமது சித்திரம் மேலும் கலைகிறது. 1776-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸால்ஸ்பர்க் நகரத்து ஹாஃப்னர் குடும்பத்துப் பெண்ணின் விவாகத்துக்கு முந்திய மாலையில் வாசிப்பதற்காக மோட்ஸார்ட் இயற்றிய செரினேட், பல அங்கங்கள் கொண்ட ஒரு வாத்தியக் கோவை. அதில் வாய்ப்பாட்டும் இல்லை, சாளரமும் இல்லை. அதே நகரத்தில் சர்வகலாசாலை மாணவர்கள் ஆண்டின் முடிவில் தங்கள் ஆசிரியர்களைக் கௌரவிக்கும் பொருட்டு வாத்தியகாரர்களைத் திரட்டிக்கொண்டு வீதி வழியே சென்று வாசிக்கச் செய்வதும் வழக்கமாயிருந்தது. 1781-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி, மோட்ஸார்ட்டின் பெயர்த் திருநாளன்று, வியன்னாவில் அவர் படுக்கப்போகும் சமயமாகிய இரவு 11 மணிக்கு, ஆறு வாத்தியகாரர்கள் தெருக்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து, முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, அவர் இயற்றிய உருப்படியையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைச் சந்தோஷத்துடன் குறிப்பிடுகிறார்.

காதலன் பாடும் இடங்களிலும் சிக்கல் இருக்கிறது. 1787-இல் ப்ராக் நகரில் முதன்முதலாக அரங்கேறிய ‘டான் ஜியோவான்னி’யில் நாயகன் மாண்டலினுடன் சாளரத்தின் கீழ் நின்று பாடும்போது அவன் உடுத்தியிருப்பது தன் வேலைக்காரனுடைய உடை. ரொஸ்ஸினியின் ‘ஸெவில் நகரத்து நாவிதன்’ 1816-இல் மேடையேறியது. அதில் கோமகன் அல்மவீவா, ரோஸீனாவின் வீட்டுமுன் பாடும் வேளை இரவன்று, விடியற்காலம். உடன் நிற்பவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட வாத்தியகாரர்கள். எதிர்பார்த்ததற்கு மேல் காசு கிடைத்த களிப்பில் அவர்கள் போடும் நன்றிக் கூச்சல் தெருவையே எழுப்பிவிடும்போல் இருக்கிறது. ஆக, நேரமும் நிச்சயமில்லை, காதலும் நிச்சயமில்லை, பாடுகிறவன் தனக்காகத்தான் பாடுகிறான் என்பதுகூட நிச்சயமில்லை. உள்ளே ஒருவர் இருக்க, வெளியே ஒரு பாட்டு நிற்க, நடுவில் ஒரு கதவு இருப்பது ஒன்றே எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேறுகிறது.

இந்த நிலைமை தொல்காப்பியருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புறத்திணையியலில் பாடாண்திணையின் துறைகளை வகுக்கும் இடத்தில் அவர் ‘கடைநிலை’ என்று ஒன்றைக் கூறுகிறார். நெடுந்தூரம் நடந்துவந்த வருத்தம் தீரும்படி, புரவலனுடைய வாயிலில் நின்று, வாயில் காவலரிடம் தன் வரவைப் புலவன் அறிவிப்பது அத்துறை. அதே வரிசையில் ‘துயிலெடை நிலை’ என்பதும் வருகிறது. பாசறையில் உறங்கும் அரசர்களைச் சூதர்கள் புகழ்ந்து பாடித் துயிலெழுப்புவது அது. ஒன்றில் கதவும் மற்றொன்றில் உறக்கமும் தடையாக நிற்கின்றன. இரண்டையும் நீக்குவதற்குப் பாட்டைத் தவிர வேறு ஆயுதம் பாடுகிறவனிடம் இல்லை. புறநானூற்றின் பிற்பகுதியில், வெள்ளி முளைத்துப் பறவைகள் குரல்கொடுக்கும் வைகறையில், கிணைப்பறையை அறைந்துகொண்டு வள்ளலின் முற்றத்தில் வந்து நிற்கும் கிணைஞனைப் பலமுறை சந்திக்கிறோம். அவன் வேண்டுவது சோறும், கந்தலுக்கு மாற்றாக ஒரு புத்தாடையும். காதலுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் நிற்கும் இடமும், கருவியும், உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வர வேண்டும் என்ற ஆவலும் ஸ்பானிய தேசத்துச் சாளரத்தின் கீழே நடப்பவற்றுக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல.

வேளைக்குரிய பண் என்ற நியமமும் அக்காலத்திலேயே உறுதிப்பட்டிருந்தது. காலையில் மருதம், மாலையில் செவ்வழி என்பது பாணர் மரபு. கண்டீரக் கோப்பெருநள்ளியின் கொடையைச் சிறப்பிக்க வந்த வன்பரணர், அந்த மரபைக்கொண்டே ஒரு வேடிக்கை செய்கிறார். மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் வாசிக்கும் அளவுக்கு எங்கள் பாணர் முறையை மறந்துவிட்டார்கள், நீ அவ்வளவு கொடுத்துவிட்டாய் என்பது அவர் சொல்லும் குற்றச்சாட்டு. புகழ்ச்சியை வசை போலக் கூறும் சாமர்த்தியம் ஒருபுறமிருக்க, மாலைக்கென்று தனியாக ஒரு பண் இருந்தது என்பதும், அதை இரவலர்கள் புரவலர் வாசலில் வாசித்தனர் என்பதும் நமக்கு இதனால் கிடைக்கும் செய்தி. இரவுச் சங்கீதம் நமக்குப் புதிதன்று.

அப்படியானால் காதலன் எங்கே போனான்? அவனும் இரவில் அவள் வீட்டருகே வந்து நிற்கத்தான் செய்தான். அகப்பொருள் நூல்கள் இதனை இரவுக்குறி என்னும். வீட்டாருடைய பேச்சு காதில் விழும் அவ்வளவு சமீபத்தில் அக்குறியிடம் அமையும் என்பது தொல்காப்பியரின் விதி. காவலர் திரிகின்ற வீதி, உறங்காத தாய், குரைக்கும் நாய், திடீரென்று வெளிப்படும் நிலவு ஆகிய இத்தனை இடையூறுகளுக்கு நடுவே ஒருவன் குரலெடுத்துப் பாடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் செய்வதெல்லாம் குளத்தில் ஒரு கல்லை எறிந்து ஓசை எழுப்புவது, மரத்திலுள்ள பறவைகளைக் கலைத்துக் குரல் கொடுக்கச் செய்வது போன்ற அடையாளங்களே. காய் தானாக நீரில் விழுந்தாலும், பறவை தானாகக் கூவினாலும், அவன்தான் வந்துவிட்டான் என்று எண்ணி அவள் வெளியே வந்து ஏமாந்து திரும்புவதற்கு ‘அல்லகுறிப்படுதல்’ என்று ஒரு துறையே வகுக்கப்பட்டிருக்கிறது. உலக இலக்கியத்தில் காதலர் சந்திப்பை இவ்வளவு நுட்பமாக ஒலியாலேயே அமைத்த மரபு அரிது என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒலிகளில் சங்கீதம் இல்லை. களவு வெளிப்பட்டால் அலர் எழும். அலர் எழுந்தால் அவள் வீட்டில் அடைபடுவாள். பாட்டென்பது ஊரறியச் செய்யும் காரியமாதலால், மறைவாக வந்த தமிழ்க் காதலனுக்கு அது உதவாது.

ஊரறியச் செய்ய வேண்டிய நிலை வந்தபோது அவன் பாடுவதை விட்டு மடலேறத் துணிந்தான். பனங்கருக்கினால் செய்த குதிரையின்மேல், எருக்கம்பூ மாலை சூடி, அவள் உருவம் தீட்டிய படத்தைக் கையில் ஏந்தி நடுத்தெருவில் வருவேன் என்பது அவன் விடுக்கும் மிரட்டல். சாளரத்தின் கீழ் நின்று இனிமையாக இரப்பவனுக்கும் இவனுக்கும் எவ்வளவு தூரம்! முன்னவன் அவளை மகிழ்விக்க வருகிறான். பின்னவன் ஊரை வெட்கப்படுத்தி அவளைப் பெற நினைக்கிறான்.

விவாகத்துக்குப் பிறகுதான் சங்கீதம் காதலின் வாசலுக்கு வருகிறது. அப்போதும் தலைவன் வாயிலாக அன்று. பரத்தையரிடம் சென்று திரும்பிய தலைவனுக்காக ஊடியிருக்கும் மனைவியிடம் பரிந்துபேச வருபவர்களுக்கு இலக்கணம் வைத்த பெயரே ‘வாயில்கள்’. கற்பியலில் தொல்காப்பியர் கூறும் பன்னிரண்டு வகை வாயில்களில் பாணன், பாட்டி, கூத்தர், விறலியர் என்னும் நால்வர் கலையையே ஜீவனமாகக் கொண்டவர்கள். யாழும் கையுமாக வந்து நிற்கும் பாணனை, உன் பாட்டும் பொய், உன் தலைவன் சத்தியமும் பொய் என்ற தோரணையில் தோழி வெளியே நிறுத்தித் துரத்துவாள். வாயில் மறுத்தல் என்று பெயர் பெற்ற அத்துறையில் உள்ள கவிகள் மருதத்திணையின் மிகச் சுவையான பகுதி. கூலிக்கு அமர்த்திய வாத்தியகாரர்களோடு அல்மவீவா வந்ததற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கும் முன்னால், காதலுக்காகக் கூலிக்குப் பாடி வாசலில் அவமானப்பட்ட பாணனை நம் புலவர்கள் கண்டிருக்கிறார்கள்.

பக்தி இயக்கம் எழுந்த காலத்தில் இந்தப் பழைய சரக்குகள் யாவும் கோயிலுக்குள் கொண்டுசெல்லப்பட்டுப் புதிய ஒழுங்கைப் பெற்றன. சூதர்கள் அரசனை எழுப்பிய துயிலெடை நிலை, தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானையும், மாணிக்கவாசகர் திருப்பெருந்துறை இறைவனையும் எழுப்பும் திருப்பள்ளியெழுச்சிகளாயிற்று. ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடியதாகக் கூறப்படும் திருவெம்பாவையும் இவற்றினும் அழகான ஏற்பாடு உடையவை. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை, விடியுமுன் எழுந்த பெண்கள் ஆய்ப்பாடியில் ஒவ்வொரு வீடாகச் சென்று, இன்னும் உறங்கும் தோழியை எழுப்புகிறார்கள். பதினாறாவதில் நந்தகோபர் மாளிகையின் வாயில் காப்போனிடம் கதவைத் திறக்கும்படி வேண்டுகிறார்கள். பிறகு வீட்டார் ஒவ்வொருவராக, நப்பின்னை உட்பட, எழுப்பப்படுகின்றனர். அகப்பொருளின் தோழியும், புறப்பொருளின் வாயில் காவலனும், பாசறையின் துயிலெழுப்புதலும் ஒரே கவிதைத் தொடரில் வந்து கலந்த அற்புதம் இது. உள்ளே இருப்பவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பதினைந்தாம் பாசுரத்தில் அவள் எதிர்வார்த்தை சொல்கிறாள்; பரிகாசத்துக்குப் பரிகாசம் கிடைக்கிறது. திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்களிலும் இதே வாக்குவாதம் நடைபெறுகிறது.

இவ்வளவையும் ஏட்டில் படிப்பதோடு நிற்க வேண்டிய அவசியம் சென்னையில் உள்ளவர்களுக்கு இல்லை. மார்கழி மாதத்து விடியற்காலையில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளுக்குப் போனால் அது நடப்பதையே பார்க்கலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் 1890-இல் பிறந்து, பின்னர் மயிலாப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்ட பாபநாசம் சிவன், மார்கழிதோறும் பஜனை கோஷ்டியை நடத்திக்கொண்டு நான்கு மாட வீதிகளையும் வலம் வந்தார். அவர் ஒரு சாதாரண பாகவதர் அல்லர். கபாலியின்மேல் மோகனத்திலும் காம்போதியிலும் கற்பகாம்பாளின்மேல் மத்தியமாவதியிலும் அவர் இயற்றிய கீர்த்தனங்கள் இன்று எந்தக் கச்சேரி மேடையிலும் கேட்பவை. அவற்றுக்குப் பின்னால் இருந்த சரீரமும் சாரீரமும் குளிரில் தெருவில் நடந்து பழகியவை என்பதை மறந்துவிடக் கூடாது. சங்கீதம் மேடையின் உயரத்தில் இருக்கும்போது கேட்பவன் மேலே பார்க்க வேண்டும்; அது வீதியில் நடந்துவரும்போது, கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்மணி நிமிர்ந்து பார்த்தாலே போதும், பாடுகிறவர் முகம் எதிரே இருக்கும். கேட்கிறவரைத் தேடிப் பாட்டு போவது என்னும் இந்தத் தன்மையை நான் செரினேடின் உயிர்நிலையாகக் கருதுகிறேன். அந்தக் கணக்கில் சிவனுடைய கோஷ்டி நிகழ்த்தியதற்கு மேலான செரினேட் இந்நகரில் நடந்ததில்லை. கல்கி எழுதிய கதையைக் கே. சுப்பிரமணியம் 1939-இல் ‘தியாகபூமி’ என்ற படமாக எடுத்தபோது, பஜனை செய்து ஏழை எளியவர்களைத் தேடிச் செல்லும் சம்பு சாஸ்திரி வேஷத்துக்குச் சிவனையே தேர்ந்தெடுத்தார். வேஷம் போட அதிகச் சிரமம் இருந்திராது. 1973-இல் அவர் மறைந்த பிறகும் வீதி பஜனை நிற்கவில்லை.

இரவைப் பற்றியும் மாட வீதியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். கோயிலில் ஒவ்வொரு காலத்துக்கும் உரிய ராகத்தை நாகஸ்வரம் அறிவிப்பது பழைய நியதி. காலையில் பூபாளமும் பிலஹரியும் ஒலித்த இடத்தில், இராக்காலத்தில் ஆனந்தபைரவியும் நீலாம்பரியும் ஒலிக்க, சுவாமி பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளி ஊஞ்சலும் லாலியும் கேட்கிறார். ஐரோப்பியனுடைய இரவுப் பாட்டு உறங்குபவரை எழுப்பும், நம்முடையது உறங்கவைக்கும். எழுப்பும் வேலையை நாம் முழுவதும் விடியற்காலத்துக்கு ஒதுக்கிவிட்டோம். இது நம் நாட்டு வெயிலின் காரணமாக ஏற்பட்டதா, பூஜைக் கிரமத்தின் காரணமாக ஏற்பட்டதா என்று வாதிப்பதில் பயனில்லை; வைகறையை வழிபாட்டுக்கு உரிய நேரமாகக் கருதும் சமூகத்தில், நள்ளிரவில் ஒருவரைப் பாடி எழுப்புவது மரியாதையாகத் தோன்றியிராது என்பது மட்டும் தெளிவு.

இனி, பதங்களின் விஷயம். பதமும் ஜாவளியும் செரினேட்தான் என்பவர்கள் அவற்றில் பேசுபவர் யார் என்பதைக் கவனிப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் முவ்வ கோபாலன்மீது தெலுங்கில் இயற்றிய பதங்களில் பெரும்பாலானவை நாயகியின் வாக்கு. சுருட்டி ராகத்தில் உள்ள அவருடைய புகழ்பெற்ற பதம் ஒன்றில், வேறொருத்தியிடம் போக வேண்டியவன் வழி தவறி வந்துவிட்டதுபோல் பாவித்து, இந்த வீதிக்கு நீ எப்படி வந்தாய் என்று அவள் வாசலிலேயே அவனை நிறுத்தி ஏளனம் செய்கிறாள். வந்தவன் ஏதாவது பாடினானா, பாடினால் என்ன பாடினான் என்பது நமக்குத் தெரியாது. உள்ளே இருப்பவளின் பதில் மட்டுமே சங்கீதமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மேல்நாட்டார் கதவுக்கு வெளியே நிற்கும் பாட்டைப் போற்றி வளர்த்தார்கள். நாம் கதவுக்கு உள்ளேயிருந்து வரும் பாட்டைப் போற்றி வளர்த்தோம். வாயில் மறுத்த தோழியின் பரம்பரை அது.

இத்தகைய பாட்டு வீதியில் உரக்கப் பாடுவதற்கு உரியதன்று. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசித்துப் பாடியபோது, பெரிய பெரிய வித்துவான்களும் அங்கே போய் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேளாதபடி உட்கார்ந்திருந்தனர் என்பது பிரசித்தம். அவருடைய பேத்திகளான டி. பிருந்தாவும் பாலசரஸ்வதியும் அந்தப் பதங்களை, ஒருவர் குரலாலும் மற்றவர் அபிநயத்தாலும், அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தனர். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை மிகுத்துக் காட்ட வேண்டும் என்ற கருத்து அடையாற்றில் வலுப்பெற்ற காலத்தில், சிருங்காரமே பரதத்தின் சிகரம் என்று பாலசரஸ்வதி விடாமல் வாதித்துவந்தார். இந்த வழக்கில் என் மனம் பாலசரஸ்வதியின் பக்கமே சாய்கிறது. அடையாற்றுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 1936-இல் ருக்மிணி தேவி அங்கே தோற்றுவித்த கலாக்ஷேத்திரம் 1944-இல் மேடையேற்றிய ‘குற்றாலக் குறவஞ்சி’, வாசலுக்கு வரும் பாட்டின் மற்றொரு தமிழ் உருவத்தை நகரத்தார் கண்முன் நிறுத்தியது. திரிகூடராசப்பக் கவிராயர் நாடகத்தில், உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி காதலால் வாடுகிறாள். நாயகர் வந்து பாடவில்லை. மலையிலிருந்து ஒரு குறத்தி, கையில் மாத்திரைக் கோலோடு பாடிக்கொண்டே வந்து, அவள் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். பாணன் போன இடத்தில் குறத்தி. தலைவன் வரவேண்டிய இடத்தில் வழக்கம்போல் வேறொருவர்.

தியாகராய நகர்ப் பக்கம் வந்தால் ஹாஃப்னர் வீட்டு விவாகத்துக்கு ஒப்பான ஒன்றைக் காணலாம். முகூர்த்தத்துக்கு முந்திய மாலையில் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, காஸ் விளக்குகள் இருபுறமும் வர, நாகஸ்வரமும் தவிலும் முன்னே முழங்க, பெண்வீட்டாரின் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துவரும் ஜானவாசம் அது. சங்கீதம் வீதி வழியாக ஒரு பெண் இருக்கும் இடத்தை நோக்கி நகர்கிறது. அவள் மாடிச் சாளரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. மாப்பிள்ளை வாய்திறந்து பாட வேண்டிய அவசியம் இங்கேயும் இல்லை. காஸ் விளக்கும் திறந்த காரும் அருகி, பாண்டு வாத்தியம் சினிமா மெட்டை வாசிக்கத் தொடங்கிய பிறகு இதன் கம்பீரம் குறைந்துவிட்டது என்று குறைப்படுபவர்கள் உண்டு.

நம் காதலன் கடைசியில் வாய் திறந்தது சினிமாவில்தான். அங்கே தோட்டத்திலும் மாடியின் கீழும் அவன் தாராளமாகப் பாடினான். ஆயினும் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கேட்பது நாயகி ஒருத்தி மட்டுமே. கதையில் உள்ள வேறு யாரும் விழித்துக்கொள்வதில்லை. அலருக்கு அஞ்சாத இடத்தில் இரவுக்குறிக்கு என்ன ருசி இருக்கும்? இந்த விதத்தில் எனக்கு அதிக நிறைவு தருவது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன், முதலாளி பாலையாவின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்துக்கொண்டு, பரிவாரத்துடன் ஆடிப்பாடி வேலை கேட்கிறார். உள்ளே காதலி இருக்கிறாள், பாட்டோ அவள் தகப்பனாரை நோக்கியது, கேட்பதோ பரிசில். கிணைஞன் காலத்துக் கடைநிலை இவ்வளவு சுத்தமாக வேறு எந்தப் படத்திலும் அமைந்ததில்லை. ஸ்ரீதர் புறநானூற்றை நினைத்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை.

கச்சேரி சபைகள் பெருகியது இவ்வழக்கத்தின் போக்கை மாற்றிய பெரிய நிகழ்ச்சி. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக அடுத்த ஆண்டில் மியூசிக் அகாடமி தோன்றியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மார்கழி என்றால் கச்சேரி மாதம் என்று ஆயிற்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணமெட்டு அமைத்த பிறகு திருப்பாவையும் மேடைக்கு வந்துவிட்டது. கேட்கிறவரை எழுப்பப் போன பாட்டு, இப்போது கேட்கிறவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்காகக் காத்திருக்கிறது. சங்கீதத்துக்கு இதனால் லாபம் ஏற்பட்டது என்பதை மறுக்க முடியாது. விஸ்தாரமான ஆலாபனையைத் தெருவில் நடந்துகொண்டே பாட இயலாதல்லவா? வாசலுக்கு நேர்ந்த நஷ்டத்தையும் கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வந்ததுபோல் தோன்றிய சாதனம் இசைத்தட்டு. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் திருவேங்கடமுடையானைத் துயிலெழுப்ப இயற்றிய சுப்ரபாதத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி, 1963-இல் இசைத்தட்டு வெளிவந்தது. மலைமேல் ஒருவரை எழுப்புவதற்கென்று ஏற்பட்ட பாட்டு, அதன்பின் ஊரில் உள்ள எல்லாரையும் எழுப்பத் தொடங்கியது. திருமலையில் மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதம் விலகிக்கொண்டு திருப்பாவைக்கு இடம் கொடுப்பதுபோல, நகரத்து ஒலிபெருக்கிகளும் மார்கழியில் தட்டை மாற்றிக்கொண்டன. ஒலிபெருக்கிகளைப் பற்றி அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் விதி செய்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அவற்றை ஒலிக்கச் செய்வதைத் தடுத்தது. திருவிழா நாட்களுக்கு உள்ள விலக்கும் நள்ளிரவோடு முடிந்துவிடுவதால், சட்டத்தின்படி வைகறையை ஒலிபெருக்கி எழுப்ப முடியாது. மாட வீதியில் வாயால் பாடிச் செல்லும் கோஷ்டியை அவ்விதி தொடவில்லை.

குரலின் இனிமையில் அந்த இசைத்தட்டுக்கு ஈடு சொல்ல இயலாது. இருந்தும் கம்பத்தில் கட்டிய குழாயிலிருந்து வரும்போது அதை வாசற்பாட்டுகளின் வரிசையில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆய்ப்பாடியின் பெண்கள் பாடியபோது உள்ளே இருந்தவள், இதோ வருகிறேன், கூச்சல் போடாதீர்கள் என்று பதில் சொல்ல முடிந்தது. பாணனைத் தோழி திட்ட முடிந்தது. மோட்ஸார்ட்டின் வீட்டு முற்றத்துக்கு வந்தவர்கள்கூடத் தெருக்கதவைத் திறக்கும்படி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். குழாய்க்கு எதிரே நின்று யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லை.